தோன்றா எழுவாய் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மே 18 அன்று தென்கொரியாவின் குவாங்ஜு நினைவு நிகழ்ச்சியைப் பார்த்தேன்; 1980-இல் ராணுவம் மக்களைச் சுட்டுக் கொன்ற ஊர் அது. அதிபர் தலைகுனிந்து நின்றார். 2023-இல் இந்தோனேசிய அதிபர் ஜோக்கோ விடோடோவும், 1965 படுகொலை உட்படப் பன்னிரண்டு சம்பவங்களுக்கு வருத்தம் தெரிவித்தார். இவர்கள் மனதாரத்தான் செய்கிறார்களா, ஓட்டுக்காகவா? எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் குடும்பத்தில் ஒரு கொள்ளுத்தாத்தா 1941 கிள்ளான் கலவரத்தில் உயிர்நீத்தார் என்று சொல்வார்கள். அவரை எந்த அரசாங்கமும் நினைக்கவில்லை. என் பெயரை வெளியிட வேண்டாம். (உங்கள் கட்டுரைகள் இப்போது ரொம்ப நீளமாகிவிட்டன.)

– ஒரு வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள தம்பி,

நீளத்தைப் பற்றிச் சொன்னதை விட்டுவிடுகிறேன். ஓட்டுக்காகவா என்ற கேள்வியும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஓட்டை நினைக்காமல் அரசியல்வாதி பல் துலக்குவதுகூட இல்லை. கண்ணீரை நிறுத்துப் பார்க்கச் சந்தையில் தராசும் கிடையாது.

ஆனால் உங்கள் கடிதம் வந்தது சரியான நேரத்தில். போன வாரம் பேத்தியோடு கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங் பக்கம் போயிருந்தேன். பழைய புடு சிறையை இடித்துவிட்டு அதன் வாசலை மட்டும் ஒரு பேரங்காடிக்குப் பக்கத்தில் நிற்க வைத்திருக்கிறார்கள். "இங்கேதான் கணபதி இறந்துபோனார்" என்று சொல்லிவிட்டு அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கப் போனேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வாக்கியம் உறுத்தியது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி அங்கே காய்ச்சலில் இறந்துபோகவில்லை. 1949 மே 4 அன்று பிரிட்டிஷ் அரசாங்கம் அவரைத் தூக்கில் போட்டது. முப்பத்தொரு வருஷம் தமிழ்ப்பள்ளியில் இலக்கணம் நடத்தியவன் சொல்கிற வாக்கியமா அது?

மறுநாள் உங்கள் கடிதம். "கலவரத்தில் உயிர்நீத்தார்." கோபம் வந்தது, மறைக்கவில்லை. கலவரம் என்று பெயர் வைத்தது துப்பாக்கியைப் பிடித்திருந்தவன். கிள்ளான் ரப்பர் தோட்டங்களில் அதற்குப் பெயர் ஸ்ட்ரைக். என்ன பெரிதாகக் கேட்டுவிட்டார்கள்? சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு. கள்ளுக்கடையை மூடு. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். முன்னால் நின்ற ஆர்.எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். அப்புறம் பட்டாளம் வந்தது. அதுவும் இந்தியப் பட்டாளம். என் அப்பாயி இதைச் சொல்லும்போது ஒரு நாளும் இழுக்கமாட்டார்: "நம்ம ஊரு சிப்பாயை வச்சே வெள்ளக்காரன் சுட்டான்." எழுதப் படிக்கத் தெரியாத கிழவி. எழுவாயும் பயனிலையும் இருக்கும்.

உயிர்நீத்தல் என்றால் என்ன தம்பி? தானாக விடுவது. வடக்கிருந்தவன் செய்வது. மானம் போகும் நிலை வந்தால் கவரிமாவைப் போன்றவர்கள் உயிர்நீப்பர் என்றார் வள்ளுவர். உங்கள் கொள்ளுத்தாத்தா எதையும் நீக்கவில்லை. அவரிடமிருந்து பிடுங்கினார்கள்.

தோன்றா எழுவாய் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். "நேற்று வந்தேன்" என்றால் 'நான்' வெளியே தெரியாது. ஆனால் விகுதி காட்டிக்கொடுத்துவிடும். 'சுட்டான்' என்று எழுதினாலும் அப்படித்தான், ஆள் வாலில் தொங்குவான். அரசாங்கம் நினைவுக்கல்லுக்கு எழுதும் வாக்கியத்தில் அந்த வாலும் செத்தவன் பக்கம் திரும்பிவிடுகிறது: உயிர்நீத்தார், பலியானார், மறைந்தார். செத்தவனே செய்த வேலை மாதிரி.

ஜோக்கோவி (ஜோக்கோ விடோடோதான்) பேசியதை மலாய் தெரிந்த நீங்கள் இன்னொரு தடவை கேளுங்கள். கடுமையான மனித உரிமை மீறல்கள் "மெமாங் தெர்ஜாடி" என்றார். நடந்தது உண்மைதான். மழை பெய்தது என்பதுபோல நடந்தது. 1948 டிசம்பரில் சிலாங்கூர் பத்தாங் காலியில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் படையினர் ஆயுதம் இல்லாத 24 பேரைச் சுட்டுக் கொன்றபோது, தப்பியோட முயன்றதால் சுடப்பட்டார்கள் என்றது அரசாங்கம். அங்கேயும் ஓடியவன்தான் குற்றவாளி.

குவாங்ஜு பரவாயில்லை, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அப்போது ராணுவத்தைக் கையில் வைத்திருந்த சுன் டூ-ஹ்வானுக்கு 1996-இல் மரண தண்டனையே விதித்தார்கள்; பிறகு குறைத்தார்கள்; 1997 கடைசியில் மன்னித்து வெளியே விட்டார்கள். 2021-இல் ஒரு மன்னிப்பும் கேட்காமல் செத்தார். கூட்டத்தின் மேல் சுடச் சொல்லி உத்தரவிட்டது யார் என்ற இடம் மட்டும் இன்னும் காலி. தைவானில் 1947 பிப்ரவரி 28 படுகொலைக்கு முதலில் அதிபர் மன்னிப்புக் கேட்டார், 1995-இல். பதினொரு வருஷம் கழித்து, 2006-இல், முதல் பொறுப்பு அன்றைய ஆட்சித் தலைவர் சியாங் கை-ஷேக்குடையது என்று ஒரு ஆய்வறிக்கை பெயர் போட்டு எழுதியது. மன்னிப்பைவிட எனக்கு அந்த அறிக்கை பெரிது. நம்முடைய 1969 மே 13 இனமோதலுக்கு, செத்தவர்கள் 196 என்ற அரசாங்க எண் இருக்கிறது. அதற்கு மேல் போனால் மறுபடியும் நீளம் என்பீர்கள்.

இவ்வளவு திட்டுகிறேனே, நான் யோக்கியனா? பல வருஷத்துக்கு முன்னால் ஒரு ஊரில் 1941-இல் செத்தவர்களுக்குக் கல்வைக்க நினைத்தார்கள். வாசகம் எழுதித்தரச் சொன்னார்கள். "கூலி உயர்வு கேட்டவர்களைப் பிரிட்டிஷ் அரசாங்கம் சுட்டுக் கொன்றது" என்று எழுதிக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து ஒருவர் போன் செய்தார். திறந்து வைக்க ஒய்பி (மக்கள் பிரதிநிதி) வருகிறார், கொஞ்சம் மென்மையாக இருந்தால் நல்லது, எழுத்தும் குறையும், கல் வெட்டுகிறவர் எழுத்துக் கணக்கில் காசு வாங்குகிறார் என்றார். "உயிர்நீத்த தியாகிகள் நினைவாக" என்று மாற்றிக்கொள்ளலாமா? சரி என்று சொல்லிவிட்டேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. திறப்பு விழாவில் பொன்னாடை போட்டார்கள், பிரியாணி சாப்பிட்டேன். அந்தக் கல் இன்னும் இருக்கிறது. அந்தப் பக்கம் போக நேர்ந்தால் காரை வேறு பாதையில் விடச் சொல்கிறேன்.

உங்கள் பாட்டி இருக்கிறாரா? இருந்தால் இந்த வாரமே போய் உட்காருங்கள். எந்தத் தோட்டம், பால்வெட்டா, ஸ்டோரில் வேலையா, சுட்ட அன்றைக்கு யார் தூக்கி வந்தார்கள் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். உங்கள் பெயரைப் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. கொள்ளுத்தாத்தாவின் பெயரையும் நீங்கள் எழுதவில்லையே.