சுரங்கப்பாதையை எப்போது காட்டுவீர்கள்?

அன்புள்ள ஐயா,

ஒரு வருடமாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து 'பெர்செர்க்' என்ற மங்காவை (ஜப்பானியக் காமிக்ஸ்) வாங்கி, 41 வால்யூம்களையும் படித்து முடித்தேன். முடித்தேன் என்று சொல்லக்கூடாது. 2021-ல் அதை வரைந்த கென்டாரோ மியூரா இறந்துவிட்டார், கதை நடுவழியில் நிற்கிறது. அவருடைய நண்பர் யாரோ தொடர்கிறாராம், எனக்கு மனம் ஒப்பவில்லை. 'ஹன்டர் எக்ஸ் ஹன்டர்' மங்காவை வரையும் தொகாஷியோ உயிரோடு இருந்துகொண்டே வருடக்கணக்கில் வரையாமல், ட்விட்டரில் தாளின் மூலையைப் படமெடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். காசும் காலமும் கொடுத்துப் படிக்கும் வாசகனை அந்தரத்தில் விடுவது ஏமாற்று இல்லையா? செயற்கை நுண்ணறிவை வைத்து மியூரா பாணியிலேயே மீதியை வரைந்துவிடலாம் என்கிறார்கள், அதுபற்றி என்ன நினைக்கிறீர்கள்? கடைசியாக ஒன்று. 'நானா' என்ற மங்கா 2009-லேயே நின்றுவிட்டது என்கிறார்கள். அது தெரிந்தே படிக்கத் தொடங்கலாமா?

ம., கோவை

*

அன்புள்ள ம.,

செயற்கை நுண்ணறிவை முதலில் ஓரமாக வைத்துவிடுகிறேன். மியூரா மாதிரியே கோடு போடும் இயந்திரம் வரலாம், வந்தும் இருக்கலாம். எனக்கு அதில் ஆர்வம் இல்லை. வேறு யாரிடமாவது கேளுங்கள்.

'ஏமாற்று' என்ற இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. மிச்சம் பிடித்து 41 வால்யூம் வாங்கியவரிடம் கோபித்துக்கொள்ள மனம் வரவில்லைதான். ஆனாலும் கோபித்துக்கொள்ளப் போகிறேன்.

தொகாஷி அந்தக் கதையை 1998-ல் தொடங்கினார். வார இதழ். வாரத்துக்கு ஏறக்குறைய இருபது பக்கம். அதற்கு முன்னால் 'யூ யூ ஹகுஷோ' என்று இன்னொரு நீண்ட தொடரையும் இதே வேகத்தில் வரைந்து முடித்தவர். முதுகு போய்விட்டது. இரண்டு வருடம் நாற்காலியில் உட்காரவே முடியவில்லை, அதனால் வரையவும் முடியவில்லை என்று 2022-ல் அவரே எழுதினார். கழிப்பறைக்குப் போனால் சுத்தம் செய்துகொள்ள உடம்பை வளைக்க முடியாமல் ஒவ்வொரு முறையும் குளிக்க வேண்டியிருக்கிறது என்றும் எழுதினார். ஒரு மனிதர் ஊரறிய இதைச் சொல்கிறார் என்றால் வாசகனுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற பதற்றம்தானே காரணம்? நீங்கள் கேலி செய்யும் அந்தத் தாளின் மூலையும் அதே கணக்குதான். இன்றைக்கு இவ்வளவு முடிந்தது என்று காட்டுகிறார். நீங்கள் அவரை ஏமாற்றுக்காரர் என்கிறீர்கள். ஆபீஸில் முதுகுவலிக்கு லீவு போட்டதே இல்லையா?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வார இதழின் சிறுவர் பகுதிக்கு நான் படக்கதை எழுதியிருக்கிறேன். ராஜா காலத்துக் கதை. வரைந்தவர் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் தங்கியிருந்த ஓவியர். என்னைவிட மூத்தவர், ஆனாலும் 'சார்' என்றுதான் கூப்பிடுவார். 'கோட்டை வாசலில் படைகள் திரண்டு நிற்கின்றன' என்று நான் எழுதிக்கொண்டு போவேன். அவர் படித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். "உங்களுக்கு ஒரு வரி சார், எனக்கு ஒரு வாரம்" என்பார், சிரித்துக்கொண்டேதான். அப்புறம் கட்டில்மேல் பலகையை வைத்து, இந்தியன் இங்க் புட்டியைத் திறந்து, ஒவ்வொரு குதிரைக்கும் நாலு கால் போட்டாகணுமே என்று முனகியபடி வரைய ஆரம்பிப்பார். பின்வரிசையில் நிற்கும் குதிரையைக் கொஞ்சம் மழுப்பக்கூடாதா என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். பக்கத்துக்கு இவ்வளவு என்று பணம், அதுவும் இதழ் வந்து வெகுநாள் கழித்து. மணிக்கட்டு வீங்க ஆரம்பித்தது. ஒரு கட்டத்தில் பேனா பிடிக்கவே முடியாமல் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார். தொடர் நின்றது.

மீதிக் கதையை அரைப் பக்கத்துக்கு எழுதிக் கொடுங்கள், போட்டுவிடலாம் என்றார்கள் இதழில். எழுதிக் கொடுத்தேன். இளவரசனைக் கடத்தியவன் யார், சுரங்கப்பாதை எங்கே போய் முடிகிறது, மந்திரி எந்தப் பக்கம், எல்லாம் அதில் இருந்தது. ஒரு முடிச்சு பாக்கி வைக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு பையனிடமிருந்து போஸ்ட் கார்டு வந்தது. கதை முடிந்தது தெரிந்துகொண்டேன், சுரங்கப்பாதையை எப்போது காட்டுவீர்கள் என்று கேட்டிருந்தான்.

அந்தப் பையனுக்குப் புரிந்தது நம்மில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. முடிவு வேண்டும், முடிவு வேண்டும் என்கிறோம். முடிவுதானே, தொகாஷி சொல்லிவிட்டாரே! கதையை முடிக்கும் முன் நான் இறந்துவிட்டால் இதை முடிவாக வைத்துக்கொள்ளுங்கள் என்று 2023-ல் ஒரு ஜப்பானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு எழுதி அனுப்பினார், வாசித்தும் காட்டினார்கள். இணையத்தில் தேடினால் கிடைக்கும். போய்ப் படியுங்கள், ஐந்து நிமிடம் ஆகும். படித்தபின் அந்தக் கதையை முடித்த நிறைவு வந்ததா என்று எனக்கு எழுதுங்கள்.

வராது. காமிக்ஸில் என்ன நடந்தது என்ற தகவலுக்குப் பெரிய மதிப்பு இல்லை. காமிக்ஸ் எழுத்தாளர் ஆலன் மூரின் 'பிக் நம்பர்ஸ்' கேள்விப்பட்டிருப்பீர்களோ என்னவோ. 1990-ல் தொடங்கியது, 12 இதழ்களாக வர வேண்டியது. இங்கிலாந்தில் மூரின் சொந்த ஊரான நார்தாம்ப்டனைப் போல ஓர் ஊர், அங்கே அமெரிக்கர்கள் கட்ட வரும் ஷாப்பிங் மால், ஊர் மக்களின் சில்லறைப் பிரச்சினைகள், எல்லாவற்றுக்கும் அடியில் கணித அறிஞர் மாண்டெல்ப்ராட்டின் கணிதம். எந்தப் பாத்திரத்துக்கு எந்த இதழில் என்ன ஆகிறது என்று ஒரு பெரிய தாளில் கட்டம் கட்டி மொத்தக் கதையையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார் மூர். பணமும் இருந்தது. நிஞ்ஜா டர்ட்டில்ஸில் சம்பாதித்த கெவின் ஈஸ்ட்மேனின் பதிப்பகம் பின்னால் வந்து நின்றது.

வந்தது இரண்டே இதழ். ஓவியர் பில் சின்கெவிச் நிஜ மனிதர்களை மாடலாக வைத்து, புகைப்படத்துக்குப் பக்கத்தில் வரும் நுணுக்கத்தில் ஒவ்வொரு கட்டத்தையும் தீட்டினார். ஒரு பக்கத்துக்கு அந்த உழைப்பைப் போடலாம். நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு? மூன்றாவது இதழை வரைந்துவிட்டு விலகினார். அது அச்சுக்குப் போகவில்லை, 2009-ல்தான் அதன் ஜெராக்ஸ் பிரதி இணையத்தில் தலைகாட்டியது. உதவியாளராக இருந்த அல் கொலம்பியா நான்காவது இதழை ஏற்றுக்கொண்டார். இளைஞர். வரைந்த பக்கங்களை அவரே அழித்துவிட்டார் என்கிறார்கள். அதோடு சரி. கதை முழுசாக இருக்கிறது, காமிக்ஸ் இல்லை. இதில் யார் யாரை ஏமாற்றினார்கள்?

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 1977 நவம்பரில் ஆஸ்டெரிக்ஸின் எழுத்தாளர் கோசினி இறந்தபோது வயது 51. இதயம் சரியாக இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ளப் போன இடத்தில் இறந்தார். 'பெல்ஜியத்தில் ஆஸ்டெரிக்ஸ்' பாதி வரைந்த நிலையில் இருந்தது. மீதியை ஓவியர் உடெர்சோ வரைந்து முடித்தார், 1979-ல் புத்தகம் வந்தது. கோசினி இறந்தபோது வரைந்துகொண்டிருந்த பக்கத்திலிருந்து வானம் சாம்பல் நிறமாகிறது, மழை பெய்கிறது. நண்பன் போனதை ஒரு வசனத்தில்கூடச் சொல்லாமல் மழையை வரைந்துகொண்டே போகிறார். தமிழில் கேப்டன் டைகராக நமக்கு அறிமுகமான ப்ளூபெர்ரியும் அப்படித்தான். 1989-ல் எழுத்தாளர் ஷார்லியே இறந்ததும், நின்றுபோன கதையை ஓவியர் ழான் ஜிரோ தானே முடித்தார், அடுத்து வந்தவற்றையும் எழுதி வரைந்தார். எழுத்தாளன் போனால் காமிக்ஸ் தட்டுத்தடுமாறியாவது நடக்கும். எழுதுகிறவனான எனக்கு இதை ஒப்புக்கொள்வது சுகமாக இல்லை. அமெரிக்க சூப்பர் ஹீரோக்களுக்கு மாதத்துக்கு ஒரு ஓவியர் மாறுகிறாரே என்று நீங்கள் எழுதுவீர்கள். அது தொழிற்சாலை. விடுங்கள்.

மியூரா விஷயத்தில் போனது கை. பெருந்தமனி கிழிந்து 54 வயதில் போய்விட்டார். அவர் வரைந்த கடைசி அத்தியாயம், 364-வது, அவர் இறந்த பிறகுதான் செப்டம்பரில் வெளியானது. உங்கள் துக்கம் எனக்குப் புரியாமல் இல்லை, ம. ஒரு வருடம் கதாநாயகன் கட்ஸோடு நடந்திருக்கிறீர்கள். அந்த வாளின் எடை உங்கள் தோளிலும் இருக்கும். ஆனால் 'நண்பர் யாரோ' என்று எழுதினீர்களே, அது அழகில்லை. கோஜி மோரி மியூராவின் பள்ளித் தோழர், அவரும் மங்கா வரைகிறவர். ஏறக்குறைய 30 வருடங்களுக்கு முன்பே மியூரா அவரை உட்காரவைத்து இந்தக் கதையைக் கடைசிவரை சொல்லியிருக்கிறார். 2022-ல் தொடர் மறுபடி வந்தபோது மோரி எழுதியதன் சாரம் இதுதான்: மியூரா என்னிடம் சொன்னதை மட்டும் எழுதுவேன், தெளிவாக நினைவில்லாததை எழுத மாட்டேன், சதை சேர்க்க மாட்டேன். வரைகிறவர்கள் மியூராவின் சொந்த உதவியாளர்கள். இறந்த நண்பனின் கதையைக் கையில் வாங்கியவர் தன் கற்பனையை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வருகிறார். எந்த எழுத்தாளனுக்கு இந்தக் கட்டுப்பாடு வரும்? எனக்கு வராது.

புதிய பக்கங்களில் மியூராவின் இருட்டு இல்லை என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். அந்த இருட்டு மையில் இருந்தது, ஒவ்வொரு கீறலாகச் சேர்ந்தது. அது கதையில் இருந்திருந்தால் மோரியோடு வந்திருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்த டின்டின் புத்தகம் முடியாத அந்தக் கடைசிப் புத்தகம்தான். 1983 மார்ச்சில் டின்டினை உருவாக்கிய எர்ஜே இறந்தார். எனக்குப் பிறகு டின்டினை யாரும் வரையக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தவர். பல வருடம் அவரோடு சேர்ந்து வரைந்த பாப் டெ மூர் முடித்துத் தர விரும்பினார், எர்ஜேயின் மனைவி ஃபேனி வேண்டாம் என்றுவிட்டார். 'டின்டினும் ஆல்ஃப்-ஆர்ட்டும்' 1986-ல் பென்சில் கிறுக்கல்களாகவே வந்தது. கழுத்துக்கு மேலே தெளிவு, கீழே வெறும் சுழிகள். சில கட்டங்களில் ஆள் இல்லை, கோடுதான். முதுகில் துப்பாக்கியோடு டின்டினைச் சிலையாக வார்க்கக் கூட்டிப்போகிறார்கள். அத்தோடு நின்றுவிடுகிறது. பிறகு ரசிகர்கள் இதை முழுசாக வரைந்து முடித்திருக்கிறார்கள், கனடாவைச் சேர்ந்த ஈவ் ரொடியே வரைந்தது ரொம்பச் சுத்தமாகவே இருக்கிறது. பாதிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. பென்சில் கிறுக்கலில் எர்ஜே யோசிப்பது தெரிகிறது. ஒரு தலையை மூன்று இடத்தில் வைத்துப் பார்த்து, மூன்றையும் அழிக்காமல் விட்டிருக்கிறார்.

'நானா' கேட்டிருந்தீர்கள். அதை வரைந்த ஆய் யாசாவாவுக்கு உடம்பு முடியாமல் போய் நின்றது. 21 வால்யூம் இருக்கிறது. படிக்கலாம். ஆனால் முதல் இரண்டை மட்டும் வாங்குங்கள், மொத்தமாக வாங்கிவிட்டு அதற்கும் என்னிடம் கணக்குக் கேட்காதீர்கள்.