காணி உறுதியைப் பெட்டியிலேயே வையுங்கள்: ஐரோப்பாவில் படிப்பது பற்றி வாசகர் கேள்விகள்

(பதில் தருபவர் கொக்குவிலைச் சேர்ந்தவர். ஜேர்மனியின் டோட்முண்ட் நகரில் முதுகலை படிக்கிறார்.)

கேள்வி: உயர்தரத்தில் கணிதப் பிரிவு, மூன்று பாடமும் சித்தி. யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு ஏஜென்சி ஜேர்மனியில் தனியார் கல்லூரி ஒன்றில் இடம் எடுத்துத் தருகிறோம் என்கிறார்கள். அப்பா காணியை ஈடு வைக்க யோசிக்கிறார். போகலாமா? (சாவகச்சேரி மாணவி)

தங்கச்சி, காணி உறுதி இப்போதைக்குப் பெட்டியிலேயே இருக்கட்டும் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். ஜேர்மனியில் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை, எங்களைப் போல வெளியிலிருந்து வருபவர்களுக்கும் இல்லை. ஒவ்வொரு செமஸ்டருக்கும் பெரும்பாலும் 100 முதல் 400 யூரோ வரை ஒரு தொகை கட்ட வேண்டும், பல இடங்களில் பஸ், ரயில் பாஸும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் 2017 இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 இல் கட்டணம் கொண்டுவந்துவிட்டது. மற்றபடி பெரும்பாலும் இலவசம்தான். அப்படியிருக்க ஏன் தனியார் கல்லூரியைக் காட்டுகிறார்கள்? அரச பல்கலைக்கழகம் ஆள் பிடித்துக் கொடுப்பவருக்குக் கமிஷன் கொடுப்பதில்லை, தனியார் கல்லூரிகள் பல கொடுக்கின்றன. எல்லா ஏஜென்சிக்காரரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் அவர்களுக்கு எங்கே லாபம் என்று தெரிந்துகொண்டு போய் உட்காருங்கள்.

ஆனால் அரச பல்கலைக்கழகம் என்றால் உயர்தரப் பெறுபேற்றை மட்டும் வைத்து எல்லாருக்கும் நேரே இடம் கிடைத்துவிடாது. எந்த நாட்டுச் சான்றிதழுக்கு என்ன மதிப்பு என்று ஜேர்மன் அரசே 'அனாபின்' என்ற தளத்தில் போட்டிருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள். சிலர் ஒரு வருட ஆயத்தப் படிப்பு முடித்துத்தான் உள்ளே வரலாம். இளங்கலைப் படிப்புகளும் பெரும்பாலும் ஜேர்மன் மொழியில்தான். அதனால் உங்களுக்கு நான் சொல்வது, ஒன்றரை, இரண்டு வருடம் ஒதுக்கி மொழியைப் படியுங்கள், இல்லையென்றால் அங்கே கம்பஸில் பட்டத்தை முடித்துவிட்டு முதுகலைக்கு வாருங்கள். இரண்டாவது வழியில் காசும் குறைவு, வயதும் ஒன்றும் போய்விடாது.

அடுத்தது வங்கிக் காசு. விசாவுக்கு 'முடக்கக் கணக்கு' ஒன்றில் ஒரு வருடச் செலவைப் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டெம்பரிலிருந்து அது 11,904 யூரோ, மாதம் 992 யூரோவாகத்தான் கைக்கு வரும். இந்தக் காசைச் சொந்தக்காரரிடம் கைமாற்றாக வாங்கிப் போட்டு, இங்கே வந்து ஒவ்வொரு மாதமும் எடுத்துத் திருப்பிக் கொடுக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்த 992 யூரோ வாடகைக்கும் மருத்துவக் காப்புறுதிக்கும் சாப்பாட்டுக்கும் கணக்குப் பார்த்து வைத்த காசு. அதைக் கடனுக்குக் கொடுத்துவிட்டால் வாழ்வதற்கு இரவு வேலைதான், விடிய வகுப்பில் நித்திரைதான். வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது. 2026 இல் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 13.90 யூரோ. கேட்க நல்லாகத்தான் இருக்கும், ஆனால் வந்த உடனே வேலை கிடைக்காது, அதோடு விசா நீடிக்கப் போகும்போது மறுபடியும் காசு காட்டச் சொல்வார்கள். வட்டிக்கு வாங்கின காசிலோ, வீட்டில் எல்லாரும் இருக்கிற ஒரே காணியிலோ முதல் வருடத்தைத் தொடங்காதீர்கள். இதை நான் கெஞ்சித்தான் கேட்கிறேன்.

கேள்வி: யாழ் பல்கலைக்கழகத்தில் கணினி படித்து முடித்துவிட்டேன். நான் பார்த்த முதுகலை முழுக்க ஆங்கிலத்தில். பிறகு எதற்கு ஜேர்மன்? (திருநெல்வேலி வாசகர்)

வகுப்பறை மட்டும்தான் ஆங்கிலம், தம்பி. வீட்டு ஒப்பந்தம், காப்புறுதிக் கடிதம், வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருந்து வரும் தபால், டொக்டரின் வரவேற்பு மேசையில் இருக்கிற அம்மா, பகுதிநேர வேலைக்கான நேர்முகம், எல்லாமே ஜேர்மன். ஒரு கடிதத்தைப் புரியாமல் லாச்சிக்குள் வைத்தால் அடுத்ததாகத் தண்டப்பணக் கடிதம் வரும். கொழும்பில் ஜேர்மன் மொழி படிப்பிக்கிற கோதே நிறுவனம் இருக்கிறது, பரீட்சையும் அங்கே எழுதலாம். யாழ்ப்பாணத்திலும் இப்போது படிப்பிக்கிறார்கள். குறைந்தது பி1 (அன்றாடப் பேச்சைச் சமாளிக்கக்கூடிய நடுத்தர மொழி நிலை) வரை முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள். இங்கே வந்து படிக்கலாம் என்று நினைப்பவர்கள் செமஸ்டர் தொடங்கின பிறகு படிப்பதே இல்லை, நேரம் கிடைக்காது. பட்டம் முடிந்ததும் வேலை தேட 18 மாத விசா தருவார்கள். அந்த 18 மாதத்தில் மொழி தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை என்னோடு படித்தவர்களிடமே பார்க்கிறேன்.

கேள்வி: மகன் போய் ஒன்பது மாதம். முன்பு தினமும் கதைப்பான், இப்போது கிழமைக்கு ஒருக்கால், அதுவும் இரண்டு நிமிடம். அவனுக்கு என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. (பருத்தித்துறைத் தாய்)

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று தரம் வாசித்தேன். மகன் உங்களை மறக்கவில்லை என்றுதான் நான் நம்புகிறேன். குளிர்காலத்தில் உங்களுக்கும் எங்களுக்கும் நாலரை மணித்தியால வித்தியாசம். அவர் ஆறு மணிக்கு அறைக்கு வந்தால் பருத்தித்துறையில் இரவு பத்தரை, நீங்கள் படுத்திருப்பீர்கள் என்று நினைத்து எடுக்காமல் விடுவார். டிசம்பரில் இங்கே நாலரைக்கு முன்னமே இருட்டிவிடும், நாள்கணக்கில் வெயிலைக் காணாமல் இருக்கும்போது ஆட்களோடு கதைக்கவே மனம் வராது. ஊரில் வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளை இங்கே முதல் பரீட்சையில் தவறுவதும் நடக்கும். பல பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்தை மூன்று தரம்தான் எழுதலாம், மூன்றாவது தரமும் தவறினால் அந்தப் படிப்பையே விட வேண்டி வரும். அந்தப் பயத்தை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? "சாப்பிட்டியா, படிக்கிறியா" என்று கேட்டால் "ஓம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

அதனால் கேள்வியை மாற்றிப் பாருங்கள். யாரோடு சமைக்கிறாய், அறையில் யார் இருக்கிறார்கள், போன கிழமை எங்கே போனாய் என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை காசு அனுப்புகிற கதையைக் கொஞ்ச நாள் எடுக்காதீர்கள். "பாடம் பிழைத்தாலும் பரவாயில்லை, எங்களுக்கு நீதான் வேண்டும்" என்று ஒரு தரம் வாய் திறந்து சொல்லுங்கள், எங்கள் வீடுகளில் அதை யாரும் சொல்வதில்லை. பல்கலைக்கழகங்களில் மாணவருக்கு மன ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது, பல இடங்களில் ஆங்கிலத்திலும் கதைக்கலாம், அதைப் பற்றியும் அவரிடம் சொல்லுங்கள். இன்னொன்று, ஜேர்மனியில்தான் இருக்கிறார் என்றால் ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்கு ஒரு திருவிழாவுக்குப் போய்வரச் சொல்லுங்கள். 2002 இல் கும்பாபிஷேகம் நடந்த பெரிய கோயில், கோபுரத்தோடு இருக்கிறது, தேருக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து எங்கள் சனம் வரும், தீர்த்தம் பக்கத்துக் கால்வாயில். பக்தி இருக்கிறதோ இல்லையோ, ஒரு நாள் முழுக்கத் தமிழ் கேட்டுவிட்டு வந்தால் மனப்பாரம் கொஞ்சம் இறங்கும்.

கேள்வி: சித்தப்பா ஜேர்மனியில் கடை வைத்திருக்கிறார். அவர் வீட்டிலேயே தங்கி, கடையிலும் உதவி செய்யலாமா? (காரைநகர் வாசகர்)

முதல் ஒரு மாதம் தங்கலாம், அதற்கு மேல் வேண்டாம். இங்கே வீடு மாறினால் இரண்டு கிழமைக்குள் நகரசபையில் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரரின் கடிதம் தேவை, சித்தப்பா எழுதித் தருவாரா என்று இப்போதே கேட்டு வையுங்கள். இடம் கிடைத்த அன்றே மாணவர் விடுதிக்கு விண்ணப்பியுங்கள், சில நகரங்களில் காத்திருப்பு செமஸ்டர் கணக்கில் போகும். அறையைக் காட்டாமல் முன்பணம் கேட்கிறவர்களுக்கு ஒரு சதமும் அனுப்பாதீர்கள். கடையில் வேலை செய்வதென்றால் பதிந்து, சம்பளச் சிட்டையோடு செய்யுங்கள். கையில் தருகிற காசுக்கு வேலை செய்து பிடிபட்டால் சித்தப்பாவுக்குத் தண்டம், உங்களுக்கு விசாப் பிரச்சினை. உறவு முறியாமல் இருக்கவும் அதுதான் நல்லது.

கேள்வி: என்ன கட்டிக் கொடுக்கலாம்? (ஒரு அம்மம்மா, சுன்னாகம்)

மிளகாய்த்தூள் தாராளமாகக் கொடுங்கள் அம்மம்மா, ஒடியல் மாவும் கொடுங்கள். கருவாடு கொண்டுவரலாம், மீனுக்கு 20 கிலோ வரை அனுமதி இருக்கிறது. இறைச்சி வற்றல், நெய், பால்கோவா ஒன்றும் வேண்டாம், வெளிநாட்டிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் மாம்பழத்துக்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள், அதனால் கறிவேப்பிலையைக் காயவைத்துத் தூளோடு அரைத்து விடுங்கள். இங்கே தமிழ்க் கடைகளில் அரிசியும் தேங்காய்ப்பாலும் கிடைக்கும், ஆனால் தூளின் கைப்பக்குவம் கிடைக்காது.

கேள்வி: உதவித்தொகை உண்மையிலேயே கிடைக்குமா? (நல்லூர் வாசகி)

கிடைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் தருகிற எராஸ்மஸ் முண்டுஸ் முதுகலை உதவித்தொகை மாதம் 1400 யூரோ, படிப்புக் கட்டணமும் அவர்களே கட்டுவார்கள், இரண்டு மூன்று நாடுகளில் மாறி மாறிப் படிக்கலாம். பெரும்பாலான படிப்புகளுக்கு விண்ணப்பம் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில். வளரும் நாட்டுப் பட்டதாரிகளுக்கான 'டாட்' (DAAD, ஜேர்மன் கல்விப் பரிமாற்றச் சேவை) உதவித்தொகைக்குக் குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், அதனால் இப்போது ஒரு வேலையில் சேர்ந்தால் அந்தக் காலம் வீண் போகாது. சிபாரிசுக் கடிதத்துக்குக் கடைசிக் கிழமையில் பேராசிரியரிடம் ஓடாதீர்கள், செப்டெம்பரிலேயே உங்கள் பெறுபேறும் நோக்கக் கடிதத்தின் முதல் வரைவும் கையில் கொண்டு போய்க் கேளுங்கள். அந்த நோக்கக் கடிதத்தை ஏஜென்சியில் காசு கொடுத்து எழுதுவிக்க வேண்டாம். நூறு பேருக்கு எழுதிய ஒரே கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றித் தருவார்கள், தெரிவுக்குழு முதல் பந்தியிலேயே கண்டுபிடித்துவிடும்.