மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்க்க வேண்டுமா?

கேள்வி: உங்கள் சினிமா விமர்சகர் சமீபத்தில் வந்த ஆக்‌ஷன் படங்களையும் பேய்ப் படங்களையும் வரிசையாகக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார். தியேட்டரே விசிலடித்த படத்தைப் பற்றி ‘சண்டையே புரியவில்லை’ என்கிறார். நான் நாற்காலியிலிருந்து நாலு தடவை எகிறிய பேய்ப் படத்தில் ‘பயம் இல்லை’ என்கிறார். ஆளைத் தூங்கவைத்த இன்னொரு படத்தை மட்டும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார். இதெல்லாம் மூளையைக் கழற்றி வைத்துவிட்டு ரசிக்க வேண்டிய படங்கள். அது தெரியாதவரை ஏன் அனுப்புகிறீர்கள்? முதல் காட்சி முடிந்த கையோடு தீர்ப்பு எழுதி, போகிறவனையும் தடுப்பது என்ன நியாயம்?

பதில்: நீங்கள் இந்தப் படங்களை நேசிக்கிறவர் என்பது கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அதனால்தான் மூளையைக் கழற்றி வைக்கச் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சண்டைப் படத்தையும் பேய்ப் படத்தையும் பிடிக்காதவர்கள் காலம்காலமாகச் சொல்லி வருகிற வசவு அது. ‘இந்த மாதிரிப் படத்துக்கு இவ்வளவு போதும்’ என்று அவர்கள் ஒதுக்கினார்கள். அதே வாக்கியத்தை நீங்கள் பாராட்டாகச் சொல்கிறீர்கள். எங்கள் விமர்சகர் அப்படி ஒதுக்க மறுக்கிறார், அவ்வளவுதான்.

தென்கொரியாவின் ‘ஓல்ட்பாய்’ 2003-ல் வந்தது. அதில் ஒரு நீண்ட தாழ்வாரத்தில் ஒற்றை ஆள் கையில் சுத்தியலோடு ஒரு கும்பலைச் சமாளிக்கும் சண்டை இருக்கிறது. கேமரா பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும், நடுவில் வெட்டே கிடையாது, அதாவது ஒரு ஷாட்டிலிருந்து இன்னொரு ஷாட்டுக்குத் தாவுவதே இல்லை. அந்த ஒரு ஷாட்டுக்கு மூன்று நாள் பிடித்தது, 17 டேக் எடுத்தார்கள். அதில் என்னை ஒவ்வொரு முறையும் பிடித்து இழுப்பது அடி விழும் இடங்களைவிட, எல்லோரும் மூச்சு வாங்கி நிற்கிற இடங்கள்தான். நாயகனுக்கு முதுகில் கத்தி ஏறியிருக்கிறது. எதிராளிகளுக்கும் கை ஓய்ந்துவிட்டது. அடுத்து யார் முதலில் நகர்வது என்று தயங்குகிறார்கள். அந்தக் களைப்பை நடிகரும் இயக்குநரும் ஸ்டண்ட் குழுவும் சேர்ந்து யோசித்துத்தான் கட்டியிருக்க முடியும். அதைப் பார்க்கும்போது என் மூளை எனக்கு வேண்டும்.

சரி, ‘சண்டையே புரியவில்லை’ என்ற தீர்ப்புக்கு வருகிறேன். அந்தப் படத்தை நானும் பார்த்தேன். கதை புரியவில்லை என்று அவர் எழுதவில்லை. யார் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கத்திலிருந்து அடி வருகிறது, எத்தனை பேர் மிச்சம் என்பது திரையில் தெரியவில்லை என்றுதான் எழுதினார். அது உண்மை. கை ஓங்குகிறது, வெட்டு. யாரோ பறக்கிறார், வெட்டு. நாயகன் முகம், வெட்டு. அடி விழுந்ததைக் காதுதான் நம்பியது, கண் பார்க்கவே இல்லை. 2004-ல் வந்த ‘போர்ன் சுப்ரிமசி’யில் பால் கிரீன்கிராஸ் கேமராவைத் தோளில் வைத்து ஆட்டியதற்கு ஒரு காரணம் இருந்தது. துரத்தப்படுகிற ஒருவனின் பதற்றத்துக்குள் நம்மைத் தள்ள வேண்டும். அதைப் பார்த்துப் படித்தவர்கள் பதற்றத்தை விட்டுவிட்டு ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ‘டேக்கன் 3’ படத்தில் நாயகன் ஒரு கம்பி வேலியைத் தாண்டுகிறார். அந்தச் சில வினாடிகளுக்குள் பத்துக்கும் மேற்பட்ட வெட்டுகள். அங்கே படத்தொகுப்பு செய்கிற வேலை, நடிகரால் செய்ய முடியாததை மறைப்பதுதான்.

வெட்டு அதிகமானால் சண்டை கெட்டுவிடும் என்று சொல்ல வரவில்லை. ‘மேட் மேக்ஸ்: ப்யூரி ரோட்’ (2015) பாலைவனத்தில் வண்டிகள் துரத்திக்கொள்ளும் இரண்டு மணி நேரப் படம், அதில் ஏறத்தாழ 2,700 வெட்டுகள் இருக்கின்றன. சுமார் 480 மணி நேரம் எடுத்துக் குவித்த காட்சிகளை மார்கரெட் சிக்ஸல் தொகுத்தார். அதற்கு முன் அவர் ஒரு ஆக்‌ஷன் படம்கூடத் தொகுத்ததில்லை. ஆனாலும் ஒரு லாரிகூட நமக்குக் குழம்பாது. பார்க்க வேண்டிய பொருளை ஒவ்வொரு ஷாட்டிலும் திரையின் நடுவிலேயே வைத்து எடுத்தார்கள். அதனால் வெட்டு விழும்போது கண் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. படத்தொகுப்புக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது. ‘ஜான் விக்’ (2014) இதற்கு நேர் எதிர்வழி. அதன் இயக்குநர் சாட் ஸ்டாஹெல்ஸ்கி ‘மேட்ரிக்ஸ்’ படத்தில் கியானு ரீவ்ஸுக்கு டூப் போட்டவர். நடிகரை மாதக்கணக்கில் பயிற்சியில் போட்டு, கேமராவைக் கொஞ்சம் தள்ளி வைத்து, முழு உடலும் தெரியும்படி ஷாட்டை நீளவிட்டார். இரண்டு வழிகளும் பார்க்கிறவனுக்கு மரியாதை கொடுக்கின்றன. எங்கள் விமர்சகர் கேட்டதும் இந்த மரியாதையைத்தான்.

அப்புறம் விசில். அந்த விசில் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது எந்த நொடியில் வந்தது என்று நினைத்துப் பாருங்கள். நாயகன் திரும்பி நடந்து வந்தபோது வந்தது, அவர் பழைய படத்து வசனம் ஒன்றைச் சொன்னபோது வந்தது. பல வருடங்களாக அவர் சம்பாதித்த அன்புக்கு ரசிகர்கள் கொடுத்த பதில் அது. சண்டை நடந்துகொண்டிருந்தபோது அரங்கம் எப்படி இருந்தது? ஸ்டண்ட் கலைஞர்கள் எலும்பை உடைத்துக்கொண்டு செய்கிற வேலைக்கு ஆஸ்கர் அமைப்பு தனி விருது அறிவிக்கவே 2025 ஏப்ரல் ஆகிவிட்டது. அதுவும் 2027-ல் வெளியாகும் படங்களிலிருந்துதான் தொடங்குகிறது. அந்த வேலையைத் தனியாக எடுத்துப் பார்த்து ‘இது நன்று, இது சோம்பேறித்தனம்’ என்று எழுதுகிறவர் உங்களுக்கு எதிரியாக இருக்க முடியாது.

இனி பேய்ப் படம். நாலு தடவை எகிறினீர்கள், சரி. பின்வரிசையில் யாராவது ஒரு தட்டைக் கீழே போட்டிருந்தாலும் எகிறியிருப்பீர்கள். திடீர் சத்தத்துக்கு உடம்பு தானாகவே தூக்கிவாரிப் போடும், அதற்கு நம் சம்மதம் தேவையில்லை. திடுக்கிடல் வேறு, பயம் வேறு. திடுக்கிடல் சத்தம் அடங்கியதும் போய்விடும், பயம் கூடவே வீட்டுக்கு வரும்.

திடுக்கிடலைக்கூட மட்டம் என்று நான் நினைக்கவில்லை. அதற்கும் உழைக்க வேண்டும். 1942-ல் வந்த ‘கேட் பீப்பிள்’ படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடந்து போகிறாள். பின்னால் இன்னொருத்தியின் காலடிச் சத்தம். சிறிது தூரத்தில் அந்தச் சத்தம் நின்றுவிடுகிறது. பின்னணி இசை கிடையாது. அவள் வேகம் கூட்டுகிறாள், நமக்குள் ஏதோ பாயப்போகிறது என்று தவிப்பு ஏறுகிறது. அந்த நொடியில் சீறிக்கொண்டு திரைக்குள் நுழைவது ஒரு பேருந்து. தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரால் சினிமாக்காரர்கள் இந்த உத்தியை இன்றும் ‘லூட்டன் பஸ்’ என்கிறார்கள். அங்கே நம்மைத் தூக்கிப்போட்டது பேருந்துதான், ஆனால் அதற்கு முன்னால் இருந்த நடையும் நிசப்தமும் இல்லாவிட்டால் அது வெறும் பேருந்து. நீங்கள் எகிறிய படத்தில் அந்த ‘முன்னால்’ இல்லை. கதவு திறக்கிறது, பின்னணி இசை அலறுகிறது, பூனை. அடுத்து ஜன்னல், அலறல், தோழி. இசையை நிறுத்திவிட்டுப் பார்த்தால் எதுவும் மிஞ்சாது என்று விமர்சகர் எழுதியது மிகச் சரியான வரி.

காட்டாமல் விடுவதில் இருக்கிற பலம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. 1975-ல் வந்த ‘ஜாஸ்’ படத்தை எடுத்தபோது இயந்திரச் சுறா அடிக்கடி மக்கர் செய்தது. வேறு வழியில்லாமல் ஸ்பீல்பெர்க் சுறாவை மறைத்துவைத்து, தண்ணீரையும் இசையையும் வைத்தே படத்தின் பெரும்பகுதியை ஓட்டினார். இன்றைக்குக் கணினியில் எதை வேண்டுமானாலும் வரைந்துவிடலாம் என்பதால் முதல் பத்து நிமிடத்திலேயே பேயின் பல்வரிசைவரை காட்டிவிடுகிறார்கள். சமீபத்திய படங்களில் எனக்கு நம்பிக்கை தந்தது சாக் கிரெக்கரின் ‘வெபன்ஸ்’ (2025). ஒரே வகுப்பைச் சேர்ந்த 17 குழந்தைகள் அதிகாலை 2:17 மணிக்குக் கதவைத் திறந்து, கைகளை விரித்தபடி இருட்டுக்குள் ஓடுகிறார்கள். காட்சி அவ்வளவுதான். ரத்தமும் முகமூடியும் கிடையாது. குழந்தைகள் ஓடுவது நாம் தினமும் பார்க்கிற காட்சி. அந்தக் கைகள் இருக்கும் விதம் மட்டும் எங்கோ சரியில்லை, அந்த ஒன்றே மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது.

நீங்கள் தூங்கிய படத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அங்கே நான் உங்கள் பக்கம். அந்தத் தீர்ப்பில் எங்கள் விமர்சகரோடு எனக்கு உடன்பாடில்லை, அவரிடமும் சொன்னேன். ‘இந்தப் பேய் உண்மையில் துக்கத்தின் உருவகம்’ என்று எழுதி அவர் நாலு ஸ்டார் கொடுத்திருந்தார். இருக்கட்டும், துக்கமாகவே இருக்கட்டும். என்னை அது பயமுறுத்தியதா? சண்டைப் படத்தில் அடி தெரிய வேண்டும் என்று கேட்கிறவர், பேய்ப் படத்தில் உள்ளர்த்தம் கண்ணில் பட்டதும் அளவுகோலைக் கீழே வைத்துவிடுகிறார். ஜெனிபர் கென்ட்டின் ‘பாபடூக்’ (2014) படத்திலும் துக்கம்தான் பேய். ஆனால் அங்கே சிறுவன் ஓயாமல் கத்துகிறான், தாய்க்குத் தூக்கம் இல்லை, பார்க்கிற நமக்கே அவன்மீது எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சலில் நாம் தாயின் பக்கம் சாய்ந்துவிட்ட பிறகு, அவள் கையாலேயே பிள்ளைக்கு ஆபத்து வருகிறது. நம் எரிச்சலுக்காக நாமே நடுங்குகிறோம். உள்ளர்த்தம் அங்கே பயத்தின் வழியாக வருகிறது. நீங்கள் தூங்கிய படத்தில் மஞ்சள் வெளிச்சமும் நீண்ட மௌனங்களும் இருந்தன, பயத்தை யாரும் கட்டவில்லை. மெதுவாகப் போவது ஒரு தகுதி ஆகாது.

இந்த வகைப் படங்கள் விஷயத்தில் விமர்சகர்கள்மீது நீங்கள் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது. மைக்கேல் பவலின் ‘பீப்பிங் டாம்’ 1960-ல் வந்தபோது பிரிட்டிஷ் பத்திரிகைகள் அதை அருவருப்போடு தூற்றின. பிரிட்டிஷ் சினிமாவின் பெரும் இயக்குநர்களில் ஒருவரான அவருடைய தொழிலே அதன்பின் சரிந்தது. ஜான் கார்ப்பென்டரின் ‘தி திங்’ 1982-ல் பெற்ற வசைகளும் கொஞ்சமல்ல. இரண்டும் இன்று இந்த வகையின் உச்சங்களாக மதிக்கப்படுகின்றன. அன்று எழுதியவர்களில் பலர் தங்களுக்கு ஏற்பட்ட அருவருப்பை எழுதினார்களே தவிர, அந்த அருவருப்பைத் திரை எப்படி உண்டாக்கியது என்று பார்க்கவில்லை. ஆனால் பார்வையாளர்களும் எப்போதும் சரியாகச் சொன்னார்கள் என்று நினைக்காதீர்கள். 2018-ல் ‘ஹெரடிட்டரி’ பார்த்துவிட்டு வெளியே வந்த அமெரிக்கப் பார்வையாளர்களிடம் சினிமாஸ்கோர் நிறுவனம் மதிப்பெண் கேட்டபோது அதற்குக் கிடைத்தது டி பிளஸ், மிகத் தாழ்ந்த மதிப்பெண். வேறு மாதிரிப் பேய்ப் படத்தை எதிர்பார்த்துப் போனவர்கள் ஏமாந்தார்கள். அதே படத்தைத்தான் இன்று பலர் அந்தப் பத்தாண்டின் சிறந்த பேய்ப் படங்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள். கூட்டமும் தவறும், விமர்சகரும் தவறுவார். இருவரில் யார் காரணம் சொல்கிறார் என்று பாருங்கள். காரணத்தோடுதான் சண்டை போட முடியும்.

எனவே அவரை மாற்றப்போவதில்லை. அவர் பயப்படுகிறவர், அது எனக்கு முக்கியம். பயமே வராத ஒருவரைப் பேய்ப் படத்துக்கு அனுப்பினால் அவர் கதையை மட்டும்தான் எழுதுவார். நீங்களும் எழுதுங்கள். எந்தக் காட்சி, அதற்கு முன் என்ன நடந்தது, கேமரா எங்கே இருந்தது, ஏன் அது வேலை செய்தது என்று எழுதி அனுப்பினால், அவருடைய விமர்சனத்துக்குப் பக்கத்திலேயே அதே அளவு இடத்தில் போடுகிறேன்.

கடைசியாக, முதல் காட்சித் தீர்ப்பு. போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வாசகருக்கு மூன்று வாரம் கழித்து எழுதி என்ன பயன்? முடிவை உடைக்கக் கூடாது, பேய் யார் என்று சொல்லக் கூடாது என்பது அவருக்கு நான் போட்டிருக்கிற கண்டிப்பான விதி, அவர் அதை ஒருமுறையும் மீறியதில்லை. ஹிட்ச்காக் ‘சைக்கோ’வை 1960-ல் விமர்சகர்களுக்கு முன்கூட்டியே போட்டுக் காட்ட மறுத்துவிட்டார். அவர்களும் பொதுமக்களோடு சேர்ந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. எங்கள் விமர்சகரையும் தயாரிப்பாளர்கள் போடும் சிறப்புக் காட்சிக்கு நாங்கள் அனுப்புவதில்லை. டிக்கெட் எடுத்து, கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து, உங்களோடு சேர்ந்துதான் பார்க்கிறார்.