டன் போன பிறகு யார் பாடுவது? – கேள்வி பதில்

ஜோன் டன் 1631 மார்ச் 31 அன்று லண்டனில் காலமானார். இளவயதில் காதல் கவிஞர். பின்வயதில் சென் போல்ஸ் பேராலயத்தின் தலைமைக் குரு, பேர்போன பிரசங்கி. அவரைவிட இருபது வயதுக்கு மேல் இளையவரான தோமஸ் கெரூ அவருக்குப் பாடிய இரங்கற்பா, 1633இல் டன்னின் கவிதைத் தொகுப்போடு அச்சானது. நான் கொழும்பில் ஆங்கில இலக்கியம் படிப்பித்தவன். கேட்டு வருபவர்களுக்குக் கல்வெட்டுப் பாட்டும் (இறந்தவர் நினைவாக 31ஆம் நாளுக்கு அச்சிடும் புத்தகத்தில் வரும் பாட்டு) எழுதிக் கொடுப்பவன். கேள்விகளும் இரண்டு பக்கமிருந்தும் வந்திருக்கின்றன.

வெள்ளவத்தை, உயர்தர மாணவி: சேர், “விதவையாகிப்போன கவிதை” என்று கெரூ தொடங்குகிறாரே, இது ஒப்பாரிதானே?

ஒப்பாரி மாதிரித் தொடங்கும், பிள்ளை. ஆனால் அழுகை இரண்டு வரியிலேயே கோபமாக மாறிவிடும். பாட்டு வராவிட்டால் போகட்டும், பிசையாத அரைவேக்காட்டு மா போன்ற ஒரு உரைநடையாவது அவருக்கு வைத்தோமா என்று கேட்கிறார். அந்தக் காலத்தில் பிரசங்கபீடத்தில் மணற்கடிகாரம் இருக்கும். மணல் இறங்கி முடிய ஒரு மணித்தியாலம். சாதாரணப் பிரசங்கியின் பேச்சு அந்த ஒரு மணித்தியாலத்தோடு செத்துவிடும், அதை அளக்கிற மணலைப் போலவே வரண்டது என்கிறார். எதிரே இருந்த சாமானையே எடுத்து ஆளை அடிக்கிறார் பாருங்கோ.

கொட்டாஞ்சேனை வாசகர்: காதல் பாட்டு எழுதியவர் எப்படிக் குருவானவர் ஆனார்?

சுருக்கமாகச் சொன்னால், 1601இல் களவாகக் கலியாணம் செய்தார், அதனால் உத்தியோகம் போனது, வறுமை. 1615இல் குருப்பட்டம், 1621இல் பேராலயப் பொறுப்பு. கவிதைகள் பெரும்பாலும் கையெழுத்துப் பிரதிகளாகவே நண்பர்களிடையே சுற்றின.

பம்பலப்பிட்டி, கவிதை எழுதும் தம்பி: புகழ்ச்சி என்றால் புகழ்ச்சி. இதில் என்ன புதுசு, அண்ணா?

என்ன வேலை செய்தார் என்று சொல்லிப் புகழ்வதுதான் புதுசு. கலைமகளிரின் (கிரேக்கர்களின் கலைத் தேவதைகள்) தோட்டத்தில் மண்டிக்கிடந்த பண்டிதக் களையைப் பிடுங்கினார், அடிமைத்தனமாகப் பார்த்தெழுதுவதைத் தூக்கி எறிந்தார், புதுக் கற்பனையை நட்டார் என்று கணக்குச் சொல்கிறார். எனக்குப் பிடித்தது பீப்பாய் வளையம். எங்கள் மொழி முரட்டு மொழி, உன் இராட்சதக் கற்பனையைச் சுற்றி இறுக்குகிற தடித்த வளையமாகத்தான் அதை வளைக்க முடிந்தது என்கிறார். டன்னின் நடை கரடுமுரடு என்று முறைப்பட்டவர்கள் உண்டு. கெரூ அதை மறுக்கவில்லை. அந்தக் கரடுமுரடு எதற்குத் தேவைப்பட்டது என்று காட்டிவிட்டுப் போகிறார்.

இன்னொன்று. டன் விரட்டிவிட்ட பழைய புராணத் தேவதைகள் எல்லாம் இனிக் கவிதைக்குத் திரும்பி வரும் என்று கவலைப்படுகிறார். கெரூவோ மன்னர் 1ஆம் சார்ள்ஸின் அரண்மனைக் கவிஞர், ஒப்பனைக் காதல் பாட்டில் கைதேர்ந்தவர். தன்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறார் என்பது என் எண்ணம்.

தெஹிவளை, ஓய்வுபெற்ற அதிபர்: கவிதை செத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே நூறு வரிக்குக் கிட்டப் பாடுவது முரண் இல்லையா?

ஐயா, அதற்கு அவரே பதில் வைத்திருக்கிறார். சுற்றிவிட்ட சில்லு, கையை எடுத்த உடனே நிற்காது. முதல் உந்தலின் பலத்தில் கொஞ்ச நேரம் தளர்ந்து சுற்றும். என் பாட்டு அந்தக் கடைசிச் சுற்று என்கிறார். வசனம் வரிக்குள் அடங்காமல் அடுத்த வரிக்கு முண்டிப்போவதும் டன்னிடம் படித்த பாடம். கை போனாலும் சுற்று அவருடையது.

நம்மிடம் ஒளவை இருக்கிறா. அதியமான் இறந்தபோது “இனிப் பாடுநரும் இல்லை, பாடுநர்க்கொன்று ஈகுநரும் இல்லை” என்றா (புறநானூறு 235). ஒளவைக்குப் போனவர் கள்ளையும் சோற்றையும் பகிர்ந்த வள்ளல். கெரூவுக்குப் போனவர் தொழில் காட்டிய மூத்தவர். கையறுநிலை (இறந்தவருக்கு இரங்கிப் பாடுவது) ஒன்றுதான், கைதான் வேறு.

மருதானை, மொழிபெயர்ப்பாளர்: கடைசி நாலு வரியில் வரும் ‘ஃபிளாமன்’ என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன போடலாம்?

அந்த வரிகள் சொல்வது இது: அறிவின் பேரரசைத் தன் இஷ்டப்படி ஆண்ட மன்னன் இங்கே கிடக்கிறான், இரண்டு பூசகர்களும் இங்கே கிடக்கிறார்கள், முதலில் கவிதைத் தெய்வமான அப்பலோவுக்கு, முடிவில் மெய்த்தேவனுக்கு. ஃபிளாமன் என்பது பழைய ரோமாபுரிப் பூசகர். இரண்டு ஊழியத்துக்கும் ஒரே சொல் போட்டதில்தான் விசயம் இருக்கிறது. ‘அப்பலோவின் பூசாரி, ஆண்டவரின் போதகர்’ என்று பிரித்தீர்களோ, கெட்டது காரியம். நான் ‘குரு’ என்று போடுவேன். கோயில் குருக்களுக்கும் தேவாலயக் குருவானவருக்கும் நம்மிடம் அந்த ஒரு வேர் போதுமே.

வெள்ளவத்தை, ஒரு மகள்: அப்பா கோயிலில் கந்தபுராணப் படிப்புக்குப் பயன் (பாட்டின் பொருள்) சொன்னவர், பாட்டும் கட்டுவார். 31ஆம் நாள் கல்வெட்டுக்கு நாலு பாட்டு வேண்டும், மாஸ்ரர்.

தங்கச்சி, ‘பாசத்தின் திருவுருவம், பண்பின் சிகரம்’ எல்லாம் வேண்டாம். பெயரை மாற்றினால் எந்த அப்பாவுக்கும் பொருந்தும். பயன் சொல்லும்போது எந்த இடத்தில் குரல் தழுதழுக்கும்? எந்தச் சொல்லுக்குச் சனம் சிரிக்கும்? கண்ணாடியைக் கழற்றிவிட்டு மனப்பாடமாகச் சொல்லுவாரா? அதை ஒரு தாளில் எழுதி அனுப்புங்கோ. இறந்த நாளைக் குறிக்கும் திதி வெண்பாவுக்கு வருசம், மாதம், பட்சம், திதி நான்கும் பஞ்சாங்கம் பார்த்துக் குறிக்கவேணும். அவர் கட்டிய பாட்டு ஒன்று கொப்பியில் கிடந்தால் அதையும் தாருங்கோ. முதல் பக்கத்தில் அதைப் போட்டுவிட்டு, என்னுடையதைப் பின்னால் போடுவோம்.