கட்சிக்காரர் இல்லாத வாதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தீர்ப்புகளைப் பற்றி எழுதும்போது சட்டப் பேராசிரியர்களை அடிக்கடி துணைக்கு அழைக்கிறீர்கள். நான் எட்டு ஆண்டுகளாக வழக்கறிஞர். ஒரு சாட்சியைக்கூடக் குறுக்கு விசாரணை செய்திராதவர்கள் நீதிபதிகளுக்குப் பாடம் எடுப்பதைப் படித்தால் எரிச்சல்தான் வருகிறது. உச்ச நீதிமன்றம் சொன்னால் அதுதானே சட்டம்? பிறகு இவர்கள் எழுத்துக்கு என்ன மதிப்பு? இது நீதிமன்ற அவமதிப்பில் சேராதா? மாதிரிக்கு ஒரு கட்டுரையை இணைத்திருக்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இறுதியாகத் தீர்ந்துவிட்ட வழக்கின் தகுதி பற்றிய நியாயமான விமர்சனம் அவமதிப்பு ஆகாது என்று 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 5ஆவது பிரிவே சொல்கிறது. உங்களுக்குத் தெரியாததல்ல.

எரிச்சல் புரிகிறது. கூண்டில் நிற்பவர் எச்சில் விழுங்குவதைப் பார்த்து அடுத்த கேள்வியை மாற்றும் வித்தை வகுப்பறையில் கிடைக்காது. ஆனால் உங்களுக்கு ஒரு கட்சிக்காரர் இருக்கிறார், பேராசிரியருக்கு இல்லை. ஒரு தீர்ப்பை எடுத்தால் அது உங்கள் வழக்குக்கு உதவுமா என்றுதான் பார்ப்பீர்கள். வக்காலத்து வாங்கியதே அதற்குத்தான். உதவாவிட்டால் 'அந்த வழக்கின் சங்கதிகள் வேறு' என்று நாசூக்காக ஒதுக்கிவிடுவீர்கள். தீர்ப்பே தவறு என்று முகத்துக்கு நேரே சொல்வதால் கட்சிக்காரருக்குப் பயனில்லை. நாளைக்கும் அதே நீதிபதி முன்னால்தான் நிற்க வேண்டும்.

1979 செப்டம்பரில் ஒரு தீர்ப்பே தவறு என்று நேரே சொன்னவர்கள் நான்கு சட்ட ஆசிரியர்கள்: உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர். மகாராஷ்டிரத்தில் ஒரு காவல் நிலையத்துக்குள் பழங்குடிச் சிறுமி ஒருத்தி வன்கொடுமைக்கு ஆளானதாக வழக்கு. அமர்வு நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது, உயர் நீதிமன்றம் தண்டித்தது, 1978இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் விடுவித்தது. உடலில் காயம் இல்லை, அவள் கூச்சலிடவில்லை, ஆகவே எதிர்ப்பில்லாமல் நடந்தது என்பது தீர்ப்பின் போக்கு. நால்வரும் இந்தியத் தலைமை நீதிபதிக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பணிந்துபோவது வேறு, சம்மதிப்பது வேறு. சம்மதத்துக்குள் பணிதல் அடங்கும், ஆனால் பணிந்தாள் என்பதாலேயே சம்மதித்தாள் என்று ஆகிவிடாது என்பது அவர்கள் வாதத்தின் உயிர். இரவு நேரம், காவல் நிலையம், உறவினர்கள் வெளியே, உள்ளே சீருடை. அந்த இடத்தில் 'கூச்சலிடவில்லை' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அவர்கள் கேட்டார்கள்.

அந்தக் கடிதத்தால் தீர்ப்பு மாறவில்லை. 1983இல் சட்டம் மாறியது. காவலில் இருந்த பெண் தான் சம்மதிக்கவில்லை என்று சாட்சியம் சொன்னால், பாலுறவு நிரூபணமான பிறகு சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் எனச் சாட்சியச் சட்டத்தில் 114ஏ பிரிவு நுழைந்தது. தெருவில் இறங்கிய பெண்கள் அமைப்புகள் இல்லாமல் அது நடந்திருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவர்கள் கையில் ஏந்திப் போக ஒரு வாதம் தேவைப்பட்டது.

உச்ச நீதிமன்றம் சொன்னால் சட்டம்தான். கீழ் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும். அது சரியா என்ற கேள்வியை அது கட்டுப்படுத்தாது. அப்படிக் கட்டுப்படுத்தியிருந்தால் இன்று நீங்கள் மேற்கோள் காட்டும் 'அடிப்படைக் கட்டமைப்பு', அதாவது அரசியல் சட்டத்தின் அடிப்படைகளை நாடாளுமன்றமும் திருத்திக் குலைக்க முடியாது என்ற கோட்பாடு, ஏது? 1965இல் டீட்ரிக் கொன்ராட் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். உயிர்வாழும் உரிமையைக் காக்கும் 21ஆவது பிரிவையே நாடாளுமன்றம் திருத்தம் என்ற பெயரில் நீக்கிவிடலாமா என்று கேட்டார். ஹிட்லர் காலத்தில் வைமார் அரசியல் சட்டம் சரிந்ததை அறிந்த நாட்டிலிருந்து வந்தவருக்கு அது வேடிக்கைக் கேள்வி அல்ல. நாடாளுமன்றத்தின் திருத்த அதிகாரம் பற்றிய கோலக்நாத் வழக்கில் அந்த வாதம் நீதிமன்றத்துக்குள் வந்தது, அப்போது எடுபடவில்லை. 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில், ஏழுக்கு ஆறு என்ற மயிரிழையில் அது நம் சட்டமாயிற்று. (உயிரோடிருக்கும் நூலாசிரியரை ஆதாரமாகக் காட்டக் கூடாது என்று ஆங்கிலேய நீதிமன்றங்களில் முன்பு ஒரு மரபு இருந்தது. உங்களுக்கு அது பிடித்துப்போயிருக்கும்.)

இனி நீங்கள் இணைத்த கட்டுரை. இரண்டு முறை படித்தேன். தீர்ப்பு வெளியான அன்று மாலையே எழுதியிருக்கிறார். தீர்ப்பிலிருந்து ஒரு பத்திகூட எடுத்துக் காட்டவில்லை. தொகுப்புரையை மட்டும் படித்துவிட்டு எழுதியது அப்பட்டமாகத் தெரிகிறது. பெரும்பான்மைத் தீர்ப்பின் பலமான வாதம் எதுவோ அதை எதிர்கொள்ளவே இல்லை. பலவீனமான ஒன்றைப் பிடித்துக்கொண்டு மூன்று பத்திகள் அடித்திருக்கிறார். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதியின் பெயரையும் தவறாகக் குறிப்பிட்டிருக்கிறார். இந்த ஒரு கட்டுரையைப் பொறுத்தவரை நான் உங்கள் கட்சி.