பிஎஃப் டிரஸ்ட் கோப்பில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறேன். எங்கள் கம்பெனி தொழிலாளர் பிஎஃப் பணத்தைச் சொந்த டிரஸ்ட் வைத்து நிர்வகிக்கிறது. போன மாதம் தொழிலாளர் தரப்பு டிரஸ்டியாக என்னைச் சேர்த்தார்கள். ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் கடன் பத்திரம் வாங்கலாம், ட்ரிபிள் ஏ ரேட்டிங், வட்டி அரை சதவீதம் கூடுதல் என்று கோப்பு வந்திருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? பொறுப்பான முதலீடு, ஓட்டுரிமை என்கிறார்களே, அதில் எங்களுக்கு என்ன வேலை?

பதில்: அவசரப்படாதீர்கள். டிரஸ்டில் நிர்வாகம், தொழிலாளர் என இரு தரப்பும் சம எண்ணிக்கையில் இருப்பதே, ஒருவர் கொண்டுவரும் கோப்பை இன்னொருவர் படித்துப் பார்க்கத்தான். "நஷ்டம் வந்தால் கம்பெனி ஈடு கட்டும்" என்பார்கள். விதியும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் கம்பெனியே தள்ளாடும் வருஷத்தில் அந்த விதியை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

ரேட்டிங் விஷயத்துக்கு வருவோம். ட்ரிபிள் ஏ என்பது கடனைத் திருப்பிக் கட்டும் திறனுக்கு ரேட்டிங் நிறுவனங்கள் தரும் மிக உயர்ந்த தரம். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரருக்கு மாம்பழத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தோல் பளபளவென்று இருக்கும், கொட்டைக்குள் வண்டு இருக்கும். சாலை, மின்சாரம் போன்ற கட்டமைப்புத் திட்டங்களுக்குப் பணம் போட்ட ஐஎல் அண்ட் எஃப்எஸ் நிறுவனம் 2018 ஆகஸ்ட் தொடக்கம் வரை ட்ரிபிள் ஏ. செப்டம்பரிலேயே 'டி', அதாவது கடனைக் கட்டத் தவறிய நிறுவனம். சில வாரங்கள்தான் இடைவெளி. பல பிஎஃப் டிரஸ்ட்களின் பணம் அதில் மாட்டிக்கொண்டது.

ஆகவே அந்த நிதி நிறுவனத்தின் மூன்று வருஷ ஆண்டறிக்கையைக் கேளுங்கள். முதலில் பார்க்க வேண்டியது, அது யாருக்குக் கடன் கொடுத்திருக்கிறது என்பது. முதலாளி குடும்பத்தின் வேறு கம்பெனிகளுக்கே பணம் போயிருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஆடிட்டரோ சுயேச்சை இயக்குநரோ பதவிக்காலம் முடியுமுன் விலகியிருக்கிறாரா, ஏன்? பட்டியலிட்ட நிறுவனமென்றால் பங்குச்சந்தை இணையதளத்திலேயே இது கிடைக்கும். அடுத்த 12 மாதத்தில் திருப்பிக் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, கையில் உள்ள பணம் எவ்வளவு என்றும் பாருங்கள். குறுகிய காலக் கடன் வாங்கி நீண்ட காலத்துக்குக் கொடுத்தவர்கள்தான் பெரும்பாலும் கவிழ்ந்தார்கள். அப்புறம், தரகருக்குக் கமிஷன் யார் தருகிறார்கள் என்றும் கேட்டுவிடுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். உங்களுக்குச் சம்மதமில்லையென்றால் வாயால் சொல்லி விட்டுவிடாமல் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

ஓட்டுரிமை என்பது பங்கு வைத்திருப்பவர் அந்தக் கம்பெனியின் தீர்மானங்களில் ஓட்டுப் போடும் உரிமை. அதில் உங்களுக்கு வேலை குறைவு. டிரஸ்ட் பணத்தில் பங்குப் பக்கம் போவது அதிகபட்சம் 15 சதவீதம். அதுவும் இடிஎஃப் (பல கம்பெனிகளின் பங்குகளைச் சேர்த்து வைத்திருக்கும், பங்குச்சந்தையில் வாங்கி விற்கக்கூடிய ஃபண்ட்) வழியாகப் போனால் ஓட்டு ஃபண்ட் நிறுவனத்தின் கையில். 2022 ஏப்ரலிலிருந்து எல்லாத் தீர்மானங்களிலும் அவர்கள் ஓட்டுப் போட்டே ஆக வேண்டும், எப்படிப் போட்டோம், ஏன் என்பதையும் வெளியிட வேண்டும். அந்த ஓட்டுக்குப் பலம் இல்லாமல் இல்லை. 2021ல் ஐஷர் மோட்டார்ஸ் நிர்வாக இயக்குநரின் மறுநியமனமும் சம்பளமும் ஒரே தீர்மானமாக வந்தபோது, 75 சதவீதம் வேண்டிய இடத்தில் சுமார் 73 சதவீதமே கிடைத்துத் தோற்றது. சம்பள வரம்பைக் குறைத்துத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. உங்கள் ஃபண்ட் எப்படி ஓட்டுப் போடுகிறது என்று வருஷத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

பசுமை முதலீடு வேண்டும் என்று கூட்டத்தில் யாராவது கேட்டால், 2023 ஜனவரி முதல் மத்திய அரசே பசுமைப் பத்திரம் (சுற்றுச்சூழலுக்கு உதவும் திட்டங்களுக்காகக் கடன் திரட்டும் பத்திரம்) வெளியிடுகிறது. அரசுப் பத்திர ஒதுக்கீட்டிலேயே அது அடங்கிவிடும்.