மொனோவைக்கு எதற்கு மேயர்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரே ஒருவர் வசிக்கும் ஊர் என்று மொனோவை பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த மூதாட்டியே மேயர், தனக்குத் தானே ஓட்டும் போட்டுக்கொள்கிறார் என்பதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் காலியாகிவிட்ட ஊரை எதற்கு இப்படி இழுத்துப் பிடிக்க வேண்டும்? பிள்ளைகளோடு போய் இருந்திருக்கலாமே? வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்காக நடப்பது போலத்தான் எனக்குத் தெரிகிறது.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பிள்ளைகளோடு போயிருக்கலாமே என்று கேட்பது நியாயம்தான். காலியான ஊர் என்பதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

1902இல் ரயில் பாதையை ஒட்டி உருவான ஊர் அது. 1930களில் 150 பேர் வரை இருந்தார்கள். அப்புறம் பண்ணை வேலைக்கு இயந்திரங்கள் வந்தன, ஆட்கள் தேவைப்படவில்லை, இளைஞர்கள் நகரங்களுக்குக் கிளம்பினார்கள். 1970க்குள் தபால் நிலையமும் கடைசி மளிகைக் கடைகளும் போயின, 1974இல் பள்ளிக்கூடமும் மூடப்பட்டது. நீங்கள் சொல்லும் அந்த மூதாட்டி எல்சி ஐலரின் இரண்டு பிள்ளைகளும் அப்படி வேலை தேடிப் போனவர்கள்தான். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மிஞ்சியது எல்சியும் கணவர் ரூடியும். 2004இல் ரூடியும் இறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எல்சி செய்த வேலைகளைப் பாருங்கள். மேயர், கிளார்க், பொருளாளர் எல்லாம் அவரே. தெருவிளக்குகளுக்கு மாநில அரசின் பணம் வர வேண்டுமென்றால் வருடாவருடம் சாலைத் திட்டம் எழுதி அனுப்ப வேண்டும், அதை அனுப்பினார். தன்னிடமே வரி வசூலித்து விளக்கும் தண்ணீரும் நிற்காமல் பார்த்துக்கொண்டார். தன் கடையின் மது லைசென்ஸுக்கு விண்ணப்பிப்பவரும் அவர், ஊர் சார்பில் கையெழுத்துப் போடுபவரும் அவர். நீங்கள் வேடிக்கை என்று நினைப்பது இதைத்தான், எனக்கோ இதைப் படிக்கும்போது மரியாதைதான் வருகிறது. இந்தக் காகிதங்களில் ஒரு வருடம் தவறினாலும் ஊருக்குத்தான் நஷ்டம்.

சரி, யாருக்காக? மொனோவை டேவர்ன் என்ற அந்தக் கடைக்காக, அங்கே வருகிறவர்களுக்காக. பார் என்றால் நம் மனதில் வருகிற இருட்டு அறை இல்லை அது. காலையில் காபி, மதியம் பர்கர், சாயங்காலம் பீர், சீட்டாட்டம், அரட்டை. சுற்றுப்பக்கத்து விவசாயிகளும் லாரி ஓட்டுநர்களும் பல மைல் தூரம் வண்டி ஓட்டிவந்து உட்காருவார்கள், சிறு வயதிலிருந்து அங்கே வந்தவர்கள் தங்கள் பிள்ளைகளையும் கூட்டிவருவார்கள். அக்கம்பக்கத்து ஊர்களிலும் ஆள் குறைந்துகொண்டே வரும்போது, இப்படி உட்கார்ந்து பேச இன்னொரு இடத்துக்கு அவர்கள் எங்கே போவார்கள்? இரவில் அந்த ஊரில் தூங்குவது ஒருவர்தான். பகலில் அப்படி இல்லை. வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்காக என்கிறீர்கள், ஆனால் எல்சியும் ரூடியும் அந்தக் கடையை நடத்தத் தொடங்கியது 1971இல், அப்போது உலகத்தில் யாருக்கும் மொனோவை தெரியாது.

இன்னொன்று. ரூடி புத்தகப் பிரியர், ஊருக்கு ஒரு நூலகம் வேண்டும் என்று ஆசைப்பட்டவர். அதைப் பார்க்காமலே போய்விட்டார். அவர் சேர்த்த சுமார் 5000 புத்தகங்களையும் பத்திரிகைகளையும் கடைக்குப் பக்கத்துக் கொட்டகையில் அடுக்கி, ரூடியின் நூலகம் என்று பெயர் வைத்துத் திறந்தார் எல்சி. ஊரில் படிக்க ஒருவர்தானே இருக்கிறோம் என்று அவர் யோசிக்கவில்லை.